ரோடு ரேஸ்: தாருக்கு வெளியே என்ன இருக்கிறது?

எங்க சேத்துப்பட்டுப் பக்கம் "ரேஸ்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்தான். பெரியவர்களுக்கு அது கிண்டி குதிரை ரேஸ். பசங்களுக்கு அது ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரணி ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் போவது. மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருக்கிறது: நூறு வருஷத்துக்கு மேல் வரலாறும், விதிகளும், உலக சாம்பியன்ஷிப்பும் உள்ள ஒரு விளையாட்டு. அதில் என்னென்ன வகை இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது ரேஸ் ஏன் ரேஸே இல்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில், எது ரோடு ரேஸ்?

தார் அல்லது கான்கிரீட் போட்ட பாதையில், வளைவுகளோடு, குறிப்பிட்ட தூரத்தை யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பது ரோடு ரேஸ். மண்ணில் மேடு பள்ளம் தாண்டி ஓட்டினால் அது மோட்டோகிராஸ். நேர்கோட்டில் கால் மைல் மட்டும் பறந்தால் ட்ராக் ரேஸ் இல்லை, *டிராக்* ரேஸ். காட்டு வழி, மலை வழி என்று நாள்கணக்கில், கட்டம் கட்டமாக நேரம் கணக்கிட்டு ஓட்டினால் ராலி. இவை எல்லாம் தனித்தனி விளையாட்டுகள். பைக், கார் இரண்டிலும் ரோடு ரேஸ் உண்டு. நான் பெரும்பாலும் பைக்கைப் பற்றியே சொல்கிறேன்.

கிளம்புவதில் இரண்டு விதம்

இதை விளக்க நம்ம ஊர் உதாரணமே போதும். திருவண்ணாமலை, வேலூர் பக்கம் பொங்கலை ஒட்டி நடக்கும் காளை விடும் விழாவில் மாடுகளை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். குறைந்த விநாடியில் தூரத்தைக் கடந்த காளைக்குப் பரிசு. மாட்டுக்குப் போட்டி கடிகாரம்தான், பக்கத்து மாடு இல்லை. தெற்கே சிவகங்கை, மதுரை, தூத்துக்குடிப் பக்க மாட்டுவண்டிப் பந்தயத்தில் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், முதலில் வருவது ஜெயிக்கும். பைக் ரேஸிலும் இதே இரண்டு முறைதான்.

அங்கே பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பது போல இங்கே எஞ்சின் சிசியை வைத்துப் பிரிக்கிறார்கள். இன்னொரு பிரிவும் உண்டு. மோட்டோஜிபியில் ஓடுவது பந்தயத்துக்காகவே செய்த வண்டி, ஷோரூமில் கிடைக்காது. 1988ல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டியில் ஓடுவது விற்பனைக்கு வரும் மாடலை மேம்படுத்திய வண்டி.

ஊரிலிருந்து ஊருக்கு

தொடக்க காலத்தில் ரேஸ் என்றால் நிஜமாகவே ஊர் விட்டு ஊர் போவதுதான். 1903ல் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு பந்தயம் கிளம்பியது. வழியில் ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் அடுத்தடுத்து சாக, போர்டோ நகரத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்துக்கு 1957ல் இதே கதி: ஒரு கார் கூட்டத்தில் புகுந்ததில் பார்வையாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வடிவமே கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை நான்கு.

ஒன்று: மூடிய சர்க்யூட். ரேஸுக்காகவே கட்டிய ட்ராக். இங்கிலாந்தின் ப்ரூக்லேண்ட்ஸ் 1907லேயே வந்துவிட்டது. நமக்கு முதலில் கிடைத்தது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950களில் தொடங்கி 80களின் கடைசி வரை பந்தயம் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப் சொந்த ட்ராக் கட்டியது. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே 2003ல் வந்தது, ரேஸ் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் பெயரில். டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட்டில் 2023 செப்டம்பரில் மோட்டோஜிபியே நடந்தது.

இரண்டு: தெரு சர்க்யூட். நகரச் சாலைகளைச் சில நாள் மூடி, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து ஓட்டுவது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் இரவில் நடந்தது இந்த வகை. ஓடியவை எல்லாம் கார்கள். பைக்குக்கு மக்காவ் நகரின் 6.12 கிலோமீட்டர் கியா சர்க்யூட் பிரபலம். 1967ல் அங்கே பைக் பந்தயம் தொடங்கியது. தப்பினால் சுவர்தான்.

மூன்று: நிஜச் சாலை. பைக் உலகத்தில் "ரோடு ரேஸிங்" என்று அழுத்திச் சொன்னால் பல பேர் நினைப்பது இதைத்தான். ஐல் ஆஃப் மேன் தீவில் 1907லிருந்து நடக்கும் டிடி இதில் தலையாயது. பிரிட்டனில் பொதுச்சாலையில் பந்தயம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, தீவுக்குச் சொந்தச் சட்டசபை இருந்ததால் அங்கே போனார்கள். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். வீடு, கல்சுவர், விளக்குக் கம்பம், மலை எல்லாம் வழியில் வரும். நம்ம காளை மாதிரி பத்து விநாடிக்கு ஒருவராகக் கிளம்புகிறார்கள். 2023ல் பீட்டர் ஹிக்மேன் ஒரு சுற்றின் சராசரியாக மணிக்கு 219 கிலோமீட்டர் தொட்டார். இது உச்ச வேகம் இல்லை, சராசரி!

விலையும் பெரிது. அந்தப் பாதையில் இதுவரை 260 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அங்கே பத்து முறை ஜெயித்த ஜியாகோமோ அகஸ்தினி, 1972ல் நண்பர் பார்லோட்டி இறந்த பிறகு திரும்ப வரவே மாட்டேன் என்றுவிட்டார். 1976க்குப் பிறகு டிடிக்கு உலக சாம்பியன்ஷிப் தகுதியும் போனது.

நான்கு: நீள் பந்தயம். ஒரே வண்டி, இரண்டு மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி. ஜப்பானின் சுசுகாவில் 8 மணி நேரம், பிரான்ஸின் லெ மான்ஸில் 24 மணி நேரம். வேகத்தோடு வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்துப் பரீட்சை.

வித்தியாசம் எங்கே?

நான்கிலும் தார் ஒன்றுதான், வேகமும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் தாருக்கு வெளியேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 28 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனால், அதற்குள் 28 மீட்டர் போயிருப்பீர்கள். நல்ல டயர், காய்ந்த தார் இருந்தாலும் நிற்க இன்னும் 50 மீட்டர் ஆகும். அதே வண்டி 60ல் வந்தால் மொத்தமே 35 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஏறவில்லை, தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போ விழுந்துவிட்டால்? உடைக்கும் தாருக்கும் இடையே உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், 100ல் விழுந்த ஆள் சுமார் 80 மீட்டர் சறுக்கிக்கொண்டே போவார். சறுக்கல் ஆளைக் கொல்வது குறைவு, சறுக்கும் வழியில் எதிலாவது மோதுவதுதான் கொல்லும். ஆகவே சர்க்யூட் கட்டுகிறவர்கள் வளைவுக்கு வெளியே காலி இடம் விடுகிறார்கள். அதற்கு ரன்-ஆஃப் என்று பெயர். சரளைக்கல் பரப்பி, கடைசியில் டயர் சுவரோ காற்று மெத்தையோ வைப்பார்கள். வளைவுக்கு வளைவு மார்ஷல்கள் மஞ்சள் கொடியோடு நிற்பார்கள், ஆம்புலன்ஸ் எஞ்சின் சூட்டோடு காத்திருக்கும்.

ஆரணி ரோட்டில் அந்த 80 மீட்டரில் என்ன இருக்கிறது? தாரை ஒட்டி, மிச்சமிருக்கும் புளியமரங்கள். அறுவடைக் காலமானால் பாதி ரோட்டில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கும். கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப்போகும் டிராக்டருக்குப் பின் விளக்கு இருக்காது. ஐல் ஆஃப் மேனில்கூட ரேஸ் நேரத்தில் எதிரே வண்டி வராது, சாலை மூடியிருக்கும். அப்படிப் பார்த்தால் நம்ம பசங்க ஓட்டுவது உலகத்தின் மிக ஆபத்தான ரேஸைவிட மோசமான இடத்தில், அதுவும் லுங்கியும் செருப்பும் போட்டுக்கொண்டு.

சர்க்யூட்டில் போனால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டி ஒன்றில் 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், எதுவுமே இல்லாத இடத்தில்?

சட்டமும் தெளிவு. மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் போட்டி வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி குற்றம். ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு.

ஆனால் பயமுறுத்தி மட்டும் எந்தப் பையனையும் நிறுத்த முடியாது. ஆசை நிஜமானது, அதற்கு வழியும் இருக்கிறது. ரேஸ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் லைசென்ஸ் வாங்கிப் போட்டியில் இறங்கலாம். புதியவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, ஒரே மாடல் வண்டியை எல்லோருக்கும் கொடுத்து ஓட விடும் போட்டிகளும் உண்டு. சென்னைப் பையன் சரத்குமார் இப்படித்தான் உள்ளூர் ட்ராக்கில் ஓட்டி, 2011ல் 125சிசி உலகப் போட்டி வரை போனார். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. முதலில் ஒரு சனி ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு ரேஸைக் காட்டுங்கள். நம்ம ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். விழுகிற ஓட்டுநர் எவ்வளவு தூரம் சறுக்குகிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆரணி ரோட்டில் அடுத்த புளியமரம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.