டார்க்லேண்ட்ஸ்: கவனிப்பாரற்றுப் போன ஒரு சரித்திர விளையாட்டு

கணினியில் ஆடும் விளையாட்டுகளுள், ஆடுபவர் ஒரு கதாபாத்திரத்தைத் தாமே சிருஷ்டித்து, அதற்குக் குலமும் தொழிலும் குணமும் வகுத்து, அப்பாத்திரமாகவே ஓர் உலகத்தில் சஞ்சரிக்கும் வகை ஒன்று உண்டு. இவ்வகைக்கெல்லாம் மூலம், 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும், காகிதமும் பகடையும் வைத்துக்கொண்டு நண்பர்கள் கூடியிருந்து ஆடிய விளையாட்டே ஆகும். அதன் மந்திரவாதிகளையும், பாதாளக் குகைகளையும், பூமியில் எக்காலத்திலும் இருந்திராத ராஜ்யங்களையும் பின்வந்த கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படியே சுவீகரித்துக்கொண்டன. அந்தப் பரம்பரையில் பிறந்தும், கற்பனை ராஜ்யம் எதையும் நாடாமல், மெய்யாக இருந்த ஒரு தேசத்தையும் மெய்யாகக் கழிந்த ஒரு காலத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றையே அற்புத உலகமாக்கிக் காட்டிய விளையாட்டு, 1992இல் வெளியான 'டார்க்லேண்ட்ஸ்'. அதை அறிந்தவர் இன்று மிகச் சிலரே.

இதை வெளியிட்டது மைக்ரோப்ரோஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். 1982இல் சிட் மையரும் பில் ஸ்டீலியும் தொடங்கிய இந்நிறுவனம் போர் விமானங்களைக் கணினித் திரையில் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றது; ஒரு விமானத்தின் வேகம், எடை, ஆயுதம் ஆகியவற்றை ஆராய்ந்து, உள்ளது உள்ளபடி காட்டவேண்டும் என்னும் சிரத்தை அங்கே வேரூன்றியிருந்தது. அந்தச் சிரத்தையை ஒரு நூற்றாண்டின் வாழ்க்கையின்மீதே செலுத்தியவர் இதன் பிரதான வடிவமைப்பாளரான அர்னால்ட் ஹெண்ட்ரிக். கணினித் துறைக்கு வருமுன் பலகை விளையாட்டுகளை அமைத்தவர் அவர்; 1981இல் வெளிவந்த அவருடைய 'பார்பேரியன் பிரின்ஸ்', ஒருவர் தனியே அமர்ந்து, பத்தி பத்தியாக வாசித்துத் தம் பயணத்தைத் தாமே தீர்மானித்து ஆடுவது. டார்க்லேண்ட்ஸின் நடையில் அந்தப் பழைய பழக்கத்தின் சாயலை நான் தெளிவாகவே காண்கிறேன்.

களம், பதினைந்தாம் நூற்றாண்டின் ஜெர்மனி. அன்றைய பெயரில் சொன்னால், புனித ரோமானியப் பேரரசு. கொலோன், நூரென்பர்க், லூபெக், பிராக் முதலான மெய்யான நகரங்கள் வரைபடத்தில் தத்தம் இடங்களிலே நிற்கின்றன. நாணயம் ஃப்ளோரின், குரோஷென், ஃபென்னிக் என மூவகை. பன்னிரண்டு ஃபென்னிக் ஒரு குரோஷென், இருபது குரோஷென் ஒரு ஃப்ளோரின். பொழுதைக்கூட மணிக்கணக்காகச் சொல்லாமல், மடங்களில் பிரார்த்தனைக்கு மணி அடிக்கும் வேளைகளைக்கொண்டே விளையாட்டு குறிக்கிறது.

ஆனால் இவையெல்லாம் அலங்காரமே. இந்த விளையாட்டின் ஜீவன் வேறொன்றில் இருக்கிறது. அக்காலத்து ஜெர்மானியக் குடியானவனும் வணிகனும் எவற்றை உண்மையென்று மனமார நம்பினார்களோ, அவையெல்லாம் இங்கே உண்மை. சுரங்கத்தின் ஆழத்தில் குள்ளர்கள் வசிக்கிறார்கள். காட்டில் சூனியக்காரிகள் நள்ளிரவில் கூடுகிறார்கள். மலையிலே பறவைநாகம் உறங்குகிறது. புனிதர்களை வேண்டினால் அவர்கள் செவிசாய்க்கிறார்கள். ஒரு காலத்து மக்களை அறிந்துகொள்வதற்கு அவர்களுடைய அச்சங்களுக்குள்ளும் நம்பிக்கைகளுக்குள்ளும் புகுந்து பார்ப்பதைவிடச் சிறந்த மார்க்கம் இல்லை என்பது என் துணிபு. சரித்திர நூல்கள் பலவும் செய்யத் தயங்கும் அந்தக் காரியத்தை ஒரு விளையாட்டு தயக்கமின்றிச் செய்திருக்கிறது.

ஆகவே இங்கே மந்திரம் என்பது இல்லை; அதன் ஸ்தானத்தில் பக்தியும் ரசவாதமும் இருக்கின்றன. புனிதர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி வரலாறு, தனி மகிமை. அவர்களைப் பற்றி மடங்களிலும் தேவாலயங்களிலும் கேட்டறிந்த பின்னரே அவர்களை வேண்டலாம். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் கதாபாத்திரம் சேர்த்துவைத்த தெய்வ அனுக்கிரகத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். பூசை கண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தும் காணிக்கை அளித்தும் அதை மீண்டும் சேர்க்கவேண்டும். புண்ணிய சீலம் இல்லாதவன் வேண்டினால் பலன் கிடைப்பது அரிது. ரசவாதியோ கந்தகம், அரிதாரம், கற்பூரம், நாப்தா என்று சரக்குகளை நகரம் நகரமாகத் தேடி வாங்கி, எதிரிகள்மேல் வீசும் நெருப்புக் குப்பியும், கவசத்தை உறுதியாக்கும் தைலமும் காய்ச்சுகிறான். பக்குவம் தவறினால் கலவை வெடித்து அவனையே காயப்படுத்துகிறது.

பாத்திரங்களைப் படைக்கும் முறை இதைவிடவும் நயமானது. ஆடுபவர் நால்வர் வரை படைத்துக்கொள்ளலாம். ஒருவன் எத்தகைய குடும்பத்தில் பிறந்தான் என்பதில் தொடங்கி, அவன் வாழ்க்கையை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பகுத்து, அவ்வைந்து ஆண்டும் அவன் சிப்பாயாக இருந்தானா, துறவியாக இருந்தானா, வணிகனாக அலைந்தானா, திருடனாகத் திரிந்தானா என்று தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு தொழிலும் சில வித்தைகளைக் கற்பிக்கிறது. சில வாசல்களைத் திறந்து சிலவற்றை மூடுகிறது. ஆனால் வயது ஏறஏற உடல் தளர்கிறது. லத்தீனும் வேதசாஸ்திரமும் கற்றுத் தேர்ந்த முதியவரை அழைத்துச் செல்வதா, ஒன்றும் அறியாத பலசாலி இளைஞனை அழைத்துச் செல்வதா என்று யோசித்து நாம் அமர்ந்திருக்கும்போதே, விளையாட்டு தொடங்குவதற்கு முன்னரே, நால்வரும் பூர்வ சரித்திரம் உடைய மனிதர்களாகிவிடுகிறார்கள். 1977இல் வந்த 'டிராவலர்' என்னும் காகித விளையாட்டில் நான்காண்டுப் பகுப்பாக இத்தகைய முறை ஏற்கெனவே இருந்தது. எனினும் கணினியில் இத்தனை செறிவாக அதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு காட்சியைச் சற்று அருகிருந்து பார்ப்போம். இருட்டிவிட்டது, நகரத்தின் வாயிற்கதவு சாத்திக் கிடக்கிறது. திரையில் நீர்வண்ண ஓவியம்போல ஒரு சித்திரமும், அதன்மேல் சில வரி வருணனையும், கீழே நாம் செய்யக்கூடியவையும் தோன்றுகின்றன. காவலனிடம் நயமாகப் பேசி உள்ளே புகலாம். மதிற்சுவரை இருளில் ஏறிக் கடக்க முயலலாம். புனிதர் ஒருவரை வேண்டலாம். அல்லது வெளியிலேயே தங்கி விடியலை எதிர்நோக்கலாம். பேசி வெல்வதற்கு நாவன்மை வேண்டும். சுவரேறுவதற்கு உடல் லாகவம் வேண்டும். பிடிபட்டால் அந்த ஊரில் நம் நற்பெயர் கெடும். ஒவ்வொரு நகரமும் நம்மைப் பற்றிய தன் அபிப்பிராயத்தைத் தனித்தனியே நினைவில் வைத்திருப்பதால், ஓரிடத்தில் வீரர்களாகப் போற்றப்பட்ட நால்வர் வேறோரிடத்தில் தேடப்படும் குற்றவாளிகளாக இருக்கக்கூடும்.

சண்டையில் நால்வரும் ஒரே சமயத்தில் இயங்குகிறார்கள்; வேண்டிய கணத்தில் நிறுத்தி, ஆணையிட்டு, மீண்டும் ஓடவிடலாம். 1998இல் 'பால்டர்ஸ் கேட்' பிரபலமாக்கிய அதே முறை ஆறாண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது. ஆயுதம் கவசத்தைத் துளைக்குமா என்பது தனியே கணக்கிடப்படுகிறது. களைப்பு விரைவில் தீரும், ஆழ்ந்த காயம் நாள்கணக்கில் ஆறும்.

இத்தனை சிறப்புடையது ஏன் மறக்கப்பட்டது? பிழைகள் மலிந்த நிலையில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆடிக்கொண்டிருக்கையிலேயே நின்றுபோவதும் சேமித்தது கெடுவதும் சகஜமாயிருந்தன. திருத்தங்கள் பின்னால் வந்தன என்றாலும், இணையம் வீடுதோறும் வராத அக்காலத்தில் அவை எல்லோரையும் சென்றடையவில்லை. அதே ஆண்டில் 'அல்டிமா' வரிசையின் ஏழாம் பாகமும் 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்'டும் வெளிவந்து ரசிகர்களின் கவனத்தை ஈர்த்துக்கொண்டன. டார்க்லேண்ட்ஸுக்கு இரண்டாம் பாகம் வரவேயில்லை. குற்றம் வெளியீட்டின் அவசரத்தில் இருந்ததேயன்றி அமைப்பில் இல்லை என்பதே என் முடிபு. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' விளையாட்டுகளை இயக்கிய டாட் ஹோவர்ட் தமக்கு உந்துதலாயிருந்தவற்றுள் இதையும் ஒன்றாகக் கூறியிருக்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. சண்டைகள் ஒரே மாதிரியாக அலுப்பூட்டுவதுண்டு. அடுத்துச் செய்யவேண்டியது யாது என்று விளையாட்டு வழிகாட்டுவதும் இல்லை. ஆயினும் பொறுமையுள்ள வாசகர் இதை ஆடிப் பார்க்கவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். திருத்தப்பட்ட பதிப்பு 'ஜிஓஜி' என்னும் இணையக் கடையில் விற்பனையாகி வந்திருக்கிறது. 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருளின் துணையால் இன்றைய கணினியிலும் அது இயங்கும். தொடங்குமுன் அதன் கையேட்டை முழுவதும் வாசியுங்கள். நால்வருள் ஒருவரையாவது புனிதர்களை அறிந்த துறவியாக அமைத்துக்கொள்ளுங்கள்.