மின் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையர்: சென்னை மேற்குப் புறநகர் வீடுகளுக்கேற்ற தேர்வு

மின் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் உள்ள பிக்கப், கம்பியின் அதிர்வை மிகச் சிறிய மின்குறிகையாக மாற்றுகிறது. அக்குறிகையைப் பெருக்கி, ஸ்பீக்கர் வழியாக ஒலியாக்கும் கருவி கிட்டார் ஆம்ப்ளிஃபையர். இசைப்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஆம்ப்’ என்பார்கள். மின் கிட்டாரில் நாம் கேட்கும் ஒலியில் சரிபாதி ஆம்ப்பின் வேலை. எனவே கையிலுள்ள பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, மிஞ்சியதில் ஏதோ ஒரு ஆம்ப் வாங்குவது சரியான வழியன்று.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் மின் கிட்டார் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தேவாலய இசைக்குழுவிலோ கல்லூரிக் குழுவிலோ வாசிப்பவர்கள். இல்லாவிட்டால் யூடியூப் பார்த்துத் தாமே கற்பவர்கள். வாங்குவதற்கு அண்ணா சாலைப் பக்கம் போவார்கள். 1842-இல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல் அங்குதான் இருக்கிறது. கடையின் விசாலமான கூடத்தில் கேட்கும் ஒலி வேறு. அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் கேட்கும் ஒலி வேறு. ஆம்ப் வீட்டில்தான் இருக்கப்போகிறது என்பதால், வீட்டிலிருந்தே தேர்வைத் தொடங்க வேண்டும்.

வாட் எண் சொல்வதும் சொல்லாததும்

பலரும் முதலில் கேட்பது ‘எத்தனை வாட்?’ என்றுதான். வாட் கூடினால் ஒலியும் அதே அளவில் கூடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் வாட் இரு மடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். அதாவது 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்ப்பைப் போல் இரு மடங்கு சத்தம்தான் தரும்.

வழக்கமான 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 டெசிபல் ஒலி எழுப்பும். ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல், கட்டுப்பாடு) விதிகள் 2000-இன்படி, குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்படும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டில் வாசிக்கும் இசைக்கருவியின் ஒலி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கும் சென்னை வீட்டில் சுவரின் தடிமனால் பெரிய பயனில்லை. மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்ட ஒரு வாட்டே தாராளம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, குறைந்த ஒலியிலும் இந்த ஆம்ப்பின் ஒலித்தன்மை நன்றாக இருக்கிறதா என்பதே. இதில் ஆம்ப்களிடையே பெரிய வேறுபாடு உண்டு. சிலவற்றில் வால்யூம் குமிழ் பூஜ்யத்திலிருந்து சற்று நகர்ந்ததுமே ஒலி ‘டக்’கென்று ஏறிவிடும், நடுவில் நிறுத்தவே முடியாது. பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 போன்றவற்றில் வெளியீட்டை அரை வாட்டுக்குக் குறைக்கும் வசதி இருக்கிறது. இரவில் பயிற்சி செய்பவருக்கு ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும்.

வகைகள்

வால்வு ஆம்ப் என்பது பழைய வால்வு ரேடியோவின் தொழில்நுட்பம். பெண்டர், மார்ஷல், வாக்ஸ் நிறுவனங்களின் புகழ்பெற்ற ஒலிகள் இதில் பிறந்தவை. வால்வு தன் எல்லையை நெருங்கும்போது வரும் இனிய சிதைவுதான் ராக் இசையின் அடையாளம். ஆனால் அந்த எல்லையைத் தொட ஒலியை நன்றாக ஏற்ற வேண்டும், வால்வுகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும், எடையும் அதிகம். புறநகர் வீட்டில் முதல் ஆம்ப்பாக இதை வாங்குவது வீண் செலவு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் மலிவானவை, உறுதியானவை. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இவ்வகையில்தான் தெளிவான ஒலிக்குப் பெயர் பெற்றது. எளிய 10 வாட் பயிற்சி ஆம்ப்கள் பெரும்பாலும் இவ்வகையே. 6 அங்குல ஸ்பீக்கரும் சிறிய பெட்டியும் உள்ளவற்றில் அடித்தொனி மெலிந்திருக்கும். மூன்றாவது வகையான மாடலிங் ஆம்ப், பல ஆம்ப்களின் ஒலியைக் கணினி முறையில் உருவாக்குகிறது. யமஹா டிஹெச்ஆர், பெண்டர் மஸ்டாங், மேற்சொன்ன கட்டானா ஆகியவை இதில் அடங்கும். எந்த இசையில் மனம் நிற்கும் என்று இன்னும் தெரியாத மாணவருக்கு இவ்வகையே பொருத்தம். நூறு ஒலிகள் இருப்பதால் பயிற்சியை விட்டுவிட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டே உட்கார்ந்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு!

வீட்டிலிருக்கும் ஹோம் தியேட்டரிலோ, தேவாலயத்தின் மைக் செட்டிலோ நேரடியாகச் செருகினால் என்ன? ஒலி வரும், நன்றாக வராது. கிட்டார் பிக்கப்புக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு தேவை. ஹோம் தியேட்டரின் உள்ளீட்டில் சில பத்தாயிரம் ஓம்தான் இருக்கும். அதனால் ஒலி மழுங்கும். அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைப் பெரிதும் வடிகட்டிவிடும். ட்வீட்டர் உள்ள பெட்டிகள் அவற்றையும் வெளியிடுவதால் டிஸ்டார்ஷன் ஒலி கொசு ரீங்காரம் போல் காதைக் குத்தும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச்செய்யும் வசதியுள்ள மல்டி எஃபெக்ட்ஸ் கருவியை இடையில் வைத்தால் மைக் செட்டே போதும். தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவர் ஆம்ப்புக்குப் பதிலாக இதை வாங்குவது நல்ல முடிவு.

எர்த் கம்பி

விலையையும் ஒலியையும்விட முக்கியமானது இது. மின் கிட்டாரின் கம்பிகள், பிரிட்ஜ், கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்துடன் மின்தொடர்பில் இருக்கின்றன. சட்டம் மூன்று முள் பிளக்கின் பெரிய முள் வழியாக வீட்டின் எர்த்துடன் இணைகிறது. கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைவது இதனால்தான். எர்த் இல்லாமல், ஆம்ப்புக்குள் மின்காப்பும் பழுதானால், 230 வோல்ட் நேராக வாசிப்பவரின் விரலுக்கு வரும். 1972-இல் ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். பின்னால் எர்த் கம்பி இணைக்கப்பட்டிருக்காது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மல்டிமீட்டரில் பார்க்கச் செய்யலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். வெளிநாட்டு பிளக்குக்குப் போடும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது. இரைச்சலைக் குறைக்க எர்த் முள்ளை வெட்டிவிடும் பழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. இதை ஒருபோதும் செய்யக்கூடாது. ஆம்ப்பையும் மிக்ஸரையும் இணைக்கும்போது எழும் இரைச்சலுக்கு டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் சாக்கெட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைச் சரிசெய்யும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்ட உள் டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். பின்புறப் பலகையில் ‘50/60’ என்று இருந்தால் அந்தக் கவலை இல்லை.

கடையில் செய்ய வேண்டியவை

சொந்தக் கிட்டாரையே எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தரும் விலையுயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்ப்பும் அழகாக ஒலிக்கும். பேச்சுக்குரல் அளவுக்கு வால்யூமைக் குறைத்து, முதலில் சிதைவில்லாத ஒலியில் ஐந்து நிமிடம் வாசிக்கவும். பின் கெயினை ஏற்றி, கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று கேட்கவும். சிங்கிள் காயில் பிக்கப்பில் ஓரளவு ‘உம்’ ஒலி இயல்பு. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் அது கூடிக் குறையும்.

கடையில் அமைதியாக இருந்த ஆம்ப் வீட்டில் இரைந்தால், உடனே திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்திப் பார்க்கவும். மின்னணு ரெகுலேட்டர்கள் பிக்கப்பில் ‘ர்ர்’ என்ற ஒலியை ஏற்றும். மின்வெட்டில் மட்டும் இரைந்தால் காரணம் பெரும்பாலும் ஸ்குயர் வேவ் இன்வெர்ட்டர்.

ஆம்ப் வைக்கும் இடத்துக்கும் கவனம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் நீரில் நின்றன. தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஆம்ப்பை உயரமான ஸ்டூலில் வைப்பது நல்லது. ஸ்பீக்கர் காதை நோக்கி உயர்வதால் குறைந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்கும். கீழ்வீட்டுக்குத் தரை வழியாக இறங்கும் அதிர்வும் குறையும்.