எண்ணெய் டப்பாவின் பின்புறம்

1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தோன்றி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்று, 1955-இல் அசோக் லேலண்டாக உருமாறிய நிறுவனமும், அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து தோற்றுவிக்க, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்த என்ஃபீல்டு இந்தியாவும், 1969 முதல் மணலியில் இயங்கிவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிவிடுவதால், வண்டியும் அதற்கு வேண்டிய மூல எண்ணெயும் ஒரே வட்டாரத்தில் உற்பத்தியாகும் விசேஷம் வடசென்னைக்கு உண்டு. அப்படியிருந்தும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலுள்ள ஆயில் கடைகளில் ஏறுகிறவர்களில் அநேகர், "நல்ல ஆயிலாக் குடுங்க" என்று கேட்பதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். எல்லா யந்திரங்களுக்கும் பொதுவான நல்ல எண்ணெய் என்பது கிடையாது. எந்த யந்திரத்துக்கு எது பொருந்தும் என்ற விவரம் டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

முன்புறத்திலேயே பெரிதாகத் தெரியும் 15 டபிள்யூ 50 போன்ற எண், எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த பாகுத்தன்மையின் அளவு. அதன் முற்பாதி கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைச் சொல்வது. 15 டபிள்யூ என்ற வகையை மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில் காசிமேட்டில் சால்வை போர்த்துகிற நமக்கு அதனால் பெரிய பிரயோஜனமில்லை. நாம் கவனிக்க வேண்டியது பிற்பாதியை: 100 டிகிரி உஷ்ணத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நின்று உலோகங்களுக்கிடையே படலமாகத் தங்கும் என்பதை அது குறிக்கிறது. சித்திரை வெயிலில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினுக்கு உயிர்நாடியான எண் அதுதான்.

அடுத்தது ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் தரக்குறி. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். பெட்ரோல் வகையில் இரண்டாம் எழுத்து அகரவரிசையில் பின்னே செல்லச் செல்ல எண்ணெய் புதிய பரீட்சைகளைத் தேறியது என்று கொள்ளலாம், எஸ்.எல். 2001-இலும், எஸ்.பி. 2020-இலும் வந்தவை.

புதியது எப்போதும் உத்தமம் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர் இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு நம் புல்லட்டே சாட்சி. வார்ப்பிரும்பு இன்ஜின் பூட்டிய பழைய புல்லட்டில் இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், பின்னால் தனியாகப் பூட்டிய கியர் பெட்டிக்கு வேறோர் எண்ணெய், இடப்புறத்து மூடிக்குள் இருக்கும் கிளட்ச்சுக்கும் சங்கிலிக்கும் இன்னோர் எண்ணெய் என்று மூன்றும் மூன்று அறைகளில் கிடந்தன. 2009-இல் கிளாசிக் வண்டியோடு பரவலான ஒருங்கிணைந்த இன்ஜினிலோ ஒரே எண்ணெய் பிஸ்டனையும் காக்க வேண்டும், கியர்ப் பற்களின் நசுக்கலையும் தாங்க வேண்டும், கிளட்ச் தட்டுகளையும் நனைக்க வேண்டும். இந்தக் கிளட்ச்சைக் கழற்றிப் பார்த்தால், உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டும் வெற்று இரும்புத் தட்டும் மாறிமாறி அடுக்கியிருப்பதையும், ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடித்திருப்பதையும் காணலாம். எண்ணெயில் ஊறியபடியே அவை ஒன்றையொன்று பற்ற வேண்டும். அதாவது, மற்ற இடங்களிலெல்லாம் வழுக்க வேண்டிய எண்ணெய் இங்கே மட்டும் வழுக்கக் கூடாது! கார்களுக்கான மெல்லிய ரக எண்ணெய்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்திருப்பதால், அவற்றை இதில் ஊற்றினால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. மெக்கானிக் "கிளட்ச் ஸ்லிப்" என்பார். இதைத் தவிர்க்கவே ஜப்பானியர் ஜாசோ என்ற பிரமாணத்தை வகுத்து, ஈரக் கிளட்ச் வண்டிகளுக்கு எம்.ஏ. என்றும், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு எம்.பி. என்றும் பிரித்தார்கள். புல்லட்டுக்கு எம்.ஏ. வகைதான் வேண்டும்.

லாரிக்காரர்களின் கவலை வேறு. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பல டீசல் வண்டிகளில் ஏறிவிட்டது. எண்ணெயின் சேர்மானங்களிலுள்ள உலோகம் எரிந்து சாம்பலாகி அதில் படிந்துவிட்டால் எரித்துப் போக்க முடியாது. ஆகவே சி.கே. 4 வகையில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பழைய சி.ஐ. 4 வகைக்கு அந்த வரம்பு இல்லை. விலை குறைவென்று பழையதை ஊற்றுவது நஷ்டக் கணக்கு.

இனி வாரண்டி விஷயம். வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, தனி மெக்கானிக்கிடம் சென்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முற்றிலும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாதென்றும், வெளி வேலையின் பிழையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாமென்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவிலோ, இலவசமாகத் தந்தாலொழிய இன்ன பிராண்டைத்தான் உபயோகிக்க வேண்டுமென்று பொதுவாகக் கட்டாயப்படுத்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நியாயம் தெளிவானது: வண்டிப் புத்தகம் கோரும் தரத்தைக் கேட்க உற்பத்தியாளருக்கு உரிமை உண்டு, அந்தத் தரம் யாருடைய டப்பாவில் வந்தது என்பது வியாபார விஷயம். ஆனால் தரத்தைக் கைவிட்டவருக்கும், உரிய கிலோமீட்டரில் மாற்றாதவருக்கும், மாற்றியதற்கு அத்தாட்சி இல்லாதவருக்கும் இந்த நியாயம் துணை வராது.

எனவே, வெளியே எண்ணெய் மாற்றுகிறவர்கள் ரசீதில் பிராண்டின் பெயரோடு நிற்காமல், பாகுத்தன்மை எண், ஏ.பி.ஐ. எழுத்து, மோட்டார் சைக்கிளானால் ஜாசோ குறி, அன்றைய கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் சற்று முணுமுணுப்பார், எழுதித் தருவார்.