தொப்புள்கொடி ரத்தம்: தவணை கட்டுமுன் கேட்க வேண்டியவை

கெடாவில் தோட்டப்புறக் குடும்பங்களிலும் இப்போது மாசமாக இருக்கும் பெண்களிடம் தொப்புள்கொடி ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்களைச் சேமிப்பது பற்றிய கையேடு வந்து சேர்கிறது. மாதத் தவணை போதும் என்கிறார்கள். அதையொட்டி அடிக்கடி எழும் சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

சேமித்த ரத்தம் என் பிள்ளைக்கே பிற்காலத்தில் உதவுமா?

பெரும்பாலும் உதவாது. உதாரணமாக, தலசீமியா பரம்பரை நோய். பிள்ளைக்கு அந்த நோய் இருந்தால், அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே குறை இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கும் மருத்துவர்கள் பொதுவாகப் பிறருடைய ஸ்டெம் செல்களையே நாடுகிறார்கள். 1988-இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றுச் சிகிச்சையில்கூட, ஃபன்கோனி ரத்தசோகை கண்ட சிறுவனுக்குத் தங்கையின் ரத்தமே செலுத்தப்பட்டது. உடன்பிறந்தவர்களுக்குள் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆகவே, வீட்டில் ஏற்கெனவே தலசீமியா பிள்ளை இருந்து தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். அந்தக் குடும்பத்துக்குச் சேமிப்பு பொருளுள்ளது.

எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் நோய் இல்லையே?

அப்படியானால் கடன் வாங்கிச் சேமிக்க வேண்டாம். பால்மரம் வெட்டிச் சேர்த்த காசை எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டால் பிள்ளையின் படிப்புக்கு ஆகும். சேமிக்காத பெற்றோர் பிள்ளைக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்க வருபவர்கள் தொடுவது துரோகம் செய்கிறோமோ என்ற அந்தப் பயத்தைத்தான்.

சேமிப்பதென்று முடிவு செய்துவிட்டோம். எந்தத் தொப்புள்கொடி ரத்த வங்கி நல்லது?

முதலில் தூரத்தைப் பாருங்கள். பெரிய வங்கிகளில் ஒன்றான கிரையோகார்ட் இருப்பது சிலாங்கூரின் சைபர்ஜெயாவில். எடுத்த ரத்தம் ஓரிரு நாளுக்குள் பதப்படுத்தப்பட வேண்டும். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை; சிலாங்கூரில் சனி, ஞாயிறு. வெள்ளி இரவு பிள்ளை பிறந்தால் சுங்கைப்பட்டாணிக்கு யார் வந்து எடுப்பார்கள், ஆய்வுக்கூடத்தில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது ரத்தத்தை உறையவைத்துக் காக்கும் கொள்கலன். 2023 நவம்பரில் சிங்கப்பூரின் கோர்ட்லைஃப் வங்கியில் 22 கொள்கலன்களில் ஏழு உரிய குளிர்நிலையில் இல்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஒரு கொள்கலனில் மட்டும் சுமார் 2,200 குழந்தைகளின் ரத்தம் கெட்டுப்போயிருந்தது. மைனஸ் 150 பாகைக்கும் கீழே இருக்க வேண்டிய பொருள் அது. வெப்பநிலைப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஏ.ஏ.பி.பி. (AABB) அல்லது ஃபேக்ட் (FACT) என்ற தர அங்கீகாரம் இன்றும் நடப்பில் உள்ளதா, உயிரணு எண்ணிக்கை அறிக்கை கையில் தருவார்களா, எண்ணிக்கை குறைந்தால் பணம் திரும்புமா, நிறுவனம் மூடப்பட்டால் ரத்தப் பையை எங்கே மாற்றுவார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

ரத்தம் எடுப்பதால் குழந்தைக்குப் பாதிப்பு உண்டா?

வலி இல்லை. ஆனால் பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், குழந்தைக்கு இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். பையை நிரப்புவதற்காக அந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. பிரசவ வலி எடுக்குமுன்பே டாக்டரிடமும் தாதியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.