உங்களுக்குத் தெரியுமா? ரத்தசோகை இருந்தால் 'மூணு மாச சுகர்' தப்பாகக் காட்டும்!

● 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அது இரண்டு, மூன்று மாத நிலவரத்தைச் சொல்கிறது.

● நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968-ல் கவனித்துச் சொன்னவர் ஈரான் மருத்துவர் சாமுவேல் ரஹ்பர்.

● சிவப்பணுவுக்கு வயதாக ஆக, அதில் ஒட்டும் சர்க்கரையும் கூடும். இரும்புச்சத்து குறைந்தால் எலும்பு மஜ்ஜையால் புது அணுக்களைப் போதுமான அளவு உருவாக்க முடியாது; ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு அதிகமாகிவிடும். சர்க்கரை ஏறாமலேயே ஏ1சி ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

● 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. சிக்கலே இந்த எல்லைக்கோட்டில்தான். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் ஏ1சி 6.6, வெறும் வயிற்றில் சர்க்கரை 92, சாப்பிட்ட பின் 126 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இவை ஒன்றோடொன்று பொருந்தவில்லையே! அதே தாளில் ஹீமோகுளோபின் 8.5 என்று இருந்தால் சந்தேகம் அங்கேதான் எழ வேண்டும். (பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.)

● இது அபூர்வமான நிலை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம்.

● இரும்புச்சத்து மாத்திரை எடுக்கத் தொடங்கியதும் புது அணுக்கள் நிறைய வரும், ஏ1சி இறங்கும். 'சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது' என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

● எல்லா ரத்தசோகையும் ஏ1சி-யை ஏற்றுவதில்லை. சிவப்பணுக்கள் சீக்கிரமே சிதையும் வகையில் அளவு குறைத்துக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. அளவு குறைத்துக் காட்டும்போது இருக்கிற நீரிழிவே தெரியாமல் போகும் என்பதால் அதுதான் அதிக ஆபத்து.

● ரத்தசோகை கடுமையாக இருந்தால் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர்கள் சிலவும் கூட்டிக் காட்டலாம். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பதே நம்பகமானது.

● சிவப்பணுவைச் சாராத 'ஃப்ரக்டோசமைன்' பரிசோதனையும் உண்டு. ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு, மூன்று வார நிலவரத்தை அது சொல்லும்.

● ஏ1சி ரிப்போர்ட்டோடு ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுவதையும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.