கொள்ளைநோயும் கருவுற்ற தாயும்

கொள்ளைநோய் பரவும்போது பல காரியங்களைத் தள்ளிப் போடலாம். திருமணத்தைத் தள்ளிப் போடலாம். திருவிழாவைத் தள்ளிப் போடலாம். உங்கள் பரீட்சையைக்கூடத் தள்ளிப் போடலாம். பிரசவத்தை மட்டும் தள்ளிப் போட முடியாது. மாணவர்களாகிய நீங்கள் இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால், நான் சொல்லப்போவது முழுவதும் எளிதில் விளங்கும்.

கோவைச் சீமைக்குக் கொள்ளைநோய் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் இங்கே பலரைப் பலிகொண்டது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதற்கு இன்றும் சாட்சி. 1918இல் பரவிய விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1957இல் வேறொரு விஷக்காய்ச்சல் சென்னைத் துறைமுகம் வழியாக நம் நாட்டில் நுழைந்தது. இவ்விரு காய்ச்சல்களும் கருவுற்ற பெண்களையே கடுமையாகத் தாக்கின என்பது மருத்துவம் கண்ட உண்மை.

காரணம் என்ன? கருப்பை வளர வளர, உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. தாய்க்கும் சேய்க்குமாகப் பிராணவாயுவின் தேவையோ கூடுகிறது. ஆகவே நுரையீரலைத் தாக்கும் நோய் அவளை விரைவில் சாய்த்துவிடுகிறது. இரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் துன்பம் இரட்டிப்பாகும்.

2020 மார்ச் 25ஆம் நாள் கொரோனாவுக்காக ஊரடங்கு தொடங்கியபோது, அன்னூர் வட்டாரச் சிற்றூர்களில் தாய்மார்களைப் பரிசோதிக்கும் பணியில் இருந்தேன். பேருந்துகள் நின்றுவிட்டன. ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள கோவை, எட்டாத ஊராயிற்று. ஒரு வீட்டு வாசலில், எட்டு மாத மருமகளை அருகில் வைத்துக்கொண்டு மாமியார் கேட்டார்: “ஏனுங்க அம்மா, ஆசுபத்திரிக்குப் போனா அந்தச் சீக்கு ஒட்டிக்குமாமுங்க. இந்த மாசமும் போகாட்டி என்னங்க?”

அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அப்பெண்ணின் இரத்த அழுத்தம் 150க்கு 100 என்று காட்டியது. 140க்கு 90 என்பதே எச்சரிக்கை எல்லை. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. இரண்டு மாதப் பரிசோதனை தவறியதால், ஏறிய அழுத்தத்தை யாரும் அறியவில்லை. அதை அப்படியே விட்டிருந்தால் வலிப்பில் முடிந்திருக்கலாம். அன்றே 108 ஆம்புலன்சில் அனுப்பினோம். தாயும் சேயும் பிழைத்தனர்.

தொற்றுக்கு அஞ்சித் தாய்மைப் பணியை நிறுத்துவது, பூச்சி விழுந்ததென்று பயிருக்கு நீர் பாய்ச்சாமல் விடுவது போன்றது. காய்ச்சல்காரருக்கும் கர்ப்பிணிக்கும் ஆஸ்பத்திரியில் வழியும் இடமும் தனித்தனியே அமைய வேண்டும். தாய் வர இயலாதபோது செவிலியர் வீடு தேடிச் செல்ல வேண்டும். தொலைபேசியில் நலம் விசாரிக்கலாம், இரத்த அழுத்தத்தை அளக்க முடியாது. தொற்றுச் சோதனையின் முடிவுக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதத்திலேயே இவ்விதியை வகுத்தது.

இன்னொரு பாடமும் உண்டு. நம் நாட்டில் தடுப்பூசிப் பணி 2021 சனவரி 16இல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்ததோ சூலை 2இல். முதற் சோதனைகளில் அவர்களைச் சேர்க்காமையே இத்தாமதத்துக்கு முக்கியக் காரணம். இரண்டாம் அலை அடித்ததும் அந்த இடைவெளியில்தான். அடுத்த கொள்ளைநோயின்போது தாயைக் கடைசி வரிசையில் நிறுத்தலாகாது.

உங்கள் வீட்டில் கருவுற்ற அக்காளோ அண்ணியோ இருக்கக்கூடும். ஓயாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், நோய்க்காலம் என்று தயங்காமல் 108ஐ அழையுங்கள். தக்க நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல் இரண்டு உயிர்களைக் காக்கும்.