செம்பருத்தி வேற, சந்தையில் கேட்கிற ‘ஹைபிஸ்கஸ்’ வேற

எங்க தோட்டம் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற ரோட்டில் இருக்கு. மாவும் தென்னையும்தான் பிரதானம். வேலி ஓரமா வச்ச நாட்டுச் செம்பருத்தி வருஷம் பூரா பூத்துத் தள்ளும். கோவிலுக்குப் போகிறவங்க பறிச்சது போக மிச்சம் உதிர்ந்து மண்ணோடு போகும். “ஹைபிஸ்கஸ் டீக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி சார், இதைக் காயப்போட்டு விக்கலாமே” என்று தெரிஞ்ச ஒருத்தர் கிளப்பிவிட்டார். நானும் வீட்டுக்காரம்மாவும் மூணு மாசம் தினம் காலையில் பூப்பறிச்சு, நிழலில் உலர்த்தி, ரெண்டு கிலோ சேர்த்தோம். ஒரு ஏற்றுமதி வியாபாரிக்கு மாதிரி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: இது நாங்கள் கேட்ட சரக்கு இல்லை.

முப்பது வருஷம் பாங்கில் அடுத்தவன் கையெழுத்தைச் சரிபார்த்தவன், ஒரு செடியின் பெயரைச் சரிபார்க்காமல் விட்டுட்டேன். இதே தப்பில் இன்னும் சிலர் செம்பருத்தி நாற்று வாங்கி நடத் தயாராக இருப்பது தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஹைபிஸ்கஸ் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர் மாதிரி. நம்ம வீட்டுச் செம்பருத்தி ‘ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்’. உலகச் சந்தையில் உலர்ந்த ‘ஹைபிஸ்கஸ் பூ’ என்று விற்பது ‘ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா’. அதுவும் பூவே கிடையாது. பூ வாடி விழுந்த பிறகு, பிஞ்சுக் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவப்பாக மூடி நிற்கும் புல்லி இதழ்தான் சரக்கு. அந்தச் செடி நமக்குப் புதுசு இல்லை. புளிச்சகீரைதான் அது! ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் கேட்டால் கோங்குரா என்பார்கள், தொக்கும் துவையலும் அங்கே பிரசித்தம். கீரையைத் தின்றோம், காயை விட்டோம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. புளிச்சகீரை என்று நாம் சொல்கிற எல்லாச் செடியிலும் இந்தச் சதை வராது. நாருக்காக வளர்க்கிற ‘கெனாஃப்’ இனத்தின் இலையையும் நம்ம ஆட்கள் புளிச்சகீரை என்றே சமைக்கிறாங்க. அதன் புல்லி இதழ் மெலிசாக, சுணையோடு இருக்கும், உலர்த்தினால் ஒன்றும் மிஞ்சாது. சப்டாரிஃபாவிலேயே நார் ரகம் உண்டு, அதுவும் உதவாது. கடையில் கீரை விதை வாங்கி விதைச்சுட்டு ஏமாறாதீங்க. காய்த்திருக்கிற செடியைக் கண்ணால் பார்த்து, காய் மேல் தடிச்ச சிவப்புத் தோல் இருக்கிறதா, கடிச்சால் புளிக்கிறதா என்று சோதித்து, அதிலிருந்து விதை வாங்குவதுதான் சரி.

விதைக்கிற காலம் ஆடி. பகல் பொழுது சுருங்கும்போது பூக்கிற செடி இது. ஆடியில் போட்டால் நன்றாகக் கிளைத்து ஆளுயரம் வந்து, ஐப்பசி வாக்கில் பூக்கும். ஐப்பசியில் போய் விதைத்தால் செடி வளராமலேயே முழங்கால் உயரத்தில் பூத்து, நாலு காயோடு முடிஞ்சிடும். மூணடிக்கு மூணடி இடைவெளி வேணும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மற்றபடி தொந்தரவு குறைச்சல். மாவுப்பூச்சி மட்டும் இந்தக் குடும்பத்துக்கே ஜென்மப் பகை. எறும்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கிட்டே இருக்கணும்.

பூ உதிர்ந்து பதினைந்து இருபது நாளில், காய் பச்சையாக இருக்கும்போதே பறிக்கணும். முற்றினால் இதழ் நாராகிடும். அடிப்பக்கம் வட்டமாகக் கீறி, கட்டைவிரலால் அழுத்தினால் காய் தனியே வந்துடும், சிவப்புக் கிண்ணம் கையில் நிற்கும். நான் ஓரம் தீட்டிய ஒரு சின்ன இரும்புக் குழாயால் குத்தித் தள்ளுகிறேன், வேகமாக ஆகிறது. வேலையில் பாதி இதுதான். பத்துக் கிலோ பச்சை இதழுக்கு ஒரு கிலோ உலர்ந்தது கிடைக்கும். கூலிக் கணக்குப் போடும்போது இந்தப் பத்துக்கு ஒன்றை மறந்துடாதீங்க.

அறுவடை சரியாக நம்ம வடகிழக்குப் பருவமழையில் வந்து விழுவதுதான் கஷ்டம். மலையடிவாரத்தில் கார்த்திகை ஈரம் லேசில் விடாது. தரையில் பரப்பினால் பூஞ்சணம் பிடிக்கும். மூங்கில் தட்டில் ஒரு அடுக்காகப் பரப்பி, தரையிலிருந்து தூக்கி வைத்து, மேலே பாலித்தீன் கூடாரமும் பக்கத்தில் காற்றும் இருக்கிற மாதிரி செய்யணும். விரலால் ஒடித்தால் சட்டென்று முறியணும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கு. உலர்ந்தது காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுக்கும். அன்றைக்கே காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்கணும்.

இனி குடிக்கிற விஷயம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு பத்து கிராம் உலர் இதழ், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. இரவு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் ரத்தச் சிவப்பில் சாறு இறங்கியிருக்கும். அவசரத்துக்குக் கொதிநீரில் பத்து நிமிஷம் போதும், ஆனால் ஊறல்தான் ருசி. நாட்டுச்சர்க்கரை போட்டால் நிறம் மங்கும், பனங்கற்கண்டு நன்றாகச் சேரும். எகிப்திலும் சூடானிலும் இதைக் ‘கர்க்கடே’ என்று சூடாகவும் குளிராகவும் குடிக்கிறாங்க. செனகலில் ‘பிஸ்ஸாப்’. ஜமைக்காவில் இஞ்சி தட்டிப்போட்டு கிறிஸ்துமஸுக்குச் செய்வது. மெக்சிகோக்காரன் சாறு வடித்த சக்கையையும் விடாமல் வெங்காயத்தோடு வதக்கி ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறான்.

நம்ம வீட்டில் அந்தச் சக்கை துவையலாகிறது: வரமிளகாய், உளுத்தம்பருப்பு, பூண்டு வறுத்து, நல்லெண்ணெயில் சக்கையை வதக்கி அரைத்தால் சோற்றுக்கும் தோசைக்கும் ஆகும். ரசத்துக்குப் புளி வேண்டாம், எட்டுப் பத்து இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறே போதும். புளியை விட லேசான புளிப்பு, நிறம்தான் முதல் நாள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சம் மிரட்டும். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் வேண்டாம், புளிப்பு அரிக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான் நல்லது.

அப்போ வேலியோரச் செம்பருத்தி எதுக்கும் ஆகாதா? வீட்டுக்கு ரொம்ப நல்லது, ஏற்றுமதிக்குத்தான் இல்லை. ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ் நாட்டுப் பூவை விரிந்த அன்றைக்கே பறிக்கணும், மறுநாள் சுருண்டுவிடும். காம்பு, பச்சைப் பகுதி, நடுவில் மகரந்தத் தண்டு எல்லாம் எடுத்துட்டு இதழை மட்டும் நிழலில் உலர்த்தணும். வெந்நீரில் போட்டால் ஊதா நிறம் வரும், புளிக்காது. ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டதும் ரோஸ் ஆகும். ரெண்டு நிமிஷத்தில் வடிச்சிடணும், நேரமானால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வரும். அந்தக் கொழகொழப்பே தோசை மாவில் அரைத்துச் சேர்க்க உதவுகிறது. இன்னொன்று, பாலில் போட ஏற்றது செம்பருத்திதான். புளிச்சகீரைச் சாறு பாலைத் திரித்துவிடும். பால்கோவா ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு லிட்டர் பாலைத் திரியவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன். நர்சரி, பூக்கடைப் பூ மட்டும் வேண்டாம். மாவுப்பூச்சிக்கு என்ன அடித்தார்களோ, யார் கண்டது.

பாக்கெட்டில் வாங்குகிறவர்களும் ஊறவைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சிவந்து புளித்தால் புளிச்சகீரை, ஊதாவாகிக் கொழகொழத்தால் செம்பருத்தி.

ரத்த அழுத்தம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் லேசாக ஏறியிருந்த 65 பேரில் ஒரு பிரிவினர் 240 மில்லி அளவில் தினம் மூன்று முறை, ஆறு வாரம் இதைக் குடித்தார்கள். அவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது, சும்மா சாயத் தண்ணீர் குடித்தவர்களுக்கு 1 புள்ளி. கவனிங்க: அது புளிச்சகீரை இதழ், செம்பருத்தி இல்லை. அதில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிடாதவர்கள். மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிட்டுத்தான் தினமும் குடிக்கணும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ரெண்டும் வேண்டாம்.

நான் இப்போது தென்னைக்கு ஊடே இருபது சென்டில்தான் போட்டிருக்கிறேன். விதைக்கென்று விட்ட காய்கள் தையில் வெடிக்கும். ஆடிக்கு முன்னால் தோட்டத்துப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு பிடி விதை எடுத்து வைத்திருப்பேன்.